ஜமக்காளத்தில் கொட்டிய மண்ணெண்ணெய்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் ஓய்ந்த ராத்திரி. வண்டலூரில் கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்குக்கு ஊற்றப்போய், அம்மா சீராகத் தந்த பவானி ஜமக்காளத்தில் மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டேன்! தவழுகிற குழந்தை ஒரு முழ தூரத்தில். முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு, மெழுகுவர்த்தியை அணைத்து, ஜன்னலைத் திறந்தேன். (குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

தேய்க்கப் போனேன். "தேய்க்காதேம்மா, பரவும்! ஒத்தி எடு" என்றார் மாமியார். டார்ச் வெளிச்சத்தில் பழைய துணியால் ஒத்தி, கோதுமை மாவைத் தூவி வைத்து, காலையில் உதறினோம். பிறகு சோப்புத்தூள் தண்ணீரில் கையாலேயே அலசி, நாலு நாள் மொட்டைமாடிக் காற்றில் காயவிட்டோம். வாடை இருக்கிறவரை வாஷிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.

பச்சைக் கோடு லேசாக வெளுத்தது. நாத்தனார் இன்னும் கவனிக்கவில்லை!