ஆயிரத்துக்கு நாற்பது கட்டு

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரிப்பேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை இருபது பிள்ளைகள் வருவார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நான் ஒரு தன்னார்வலராக இருந்தேன். தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிளஸ் டூ படித்திருந்தால் போதும் என்றிருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள்தாம். சொந்தப் பிள்ளைக்கு அடுப்படியில் வைத்துக் காசில்லாமல் சொல்லிக்கொடுத்ததைத்தான் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தோம். முதல் மாதப் பணம் கணக்கில் ஏறியபோதுதான், சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலை என்று என் வீட்டிலேயே சிலருக்குப் புரிந்தது.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர்கள். பலருக்கு நூறுவரை ஒப்பிக்கத் தெரிந்தது. ஆனால் பதினேழு புளியங்கொட்டையை எண்ணிக் கொடு என்றால் பன்னிரண்டில் தடுமாறுவார்கள். வாயில் இருந்த எண் கைக்கு வரவில்லை.

அதனால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பாடமாக்கினேன். தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டினோம். மூன்று கட்டும் நாலு குச்சியும் முப்பத்து நாலு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாள்கள் எண் அட்டைகளாயின. பழைய கல்யாணப் பத்திரிகைகளில் அவரவர் பெயரின் எழுத்துகளைத் தேடி வட்டமிட்டார்கள். உழக்கால் அரிசி அளந்து, ஒரு படிக்கு நாலு உழக்கு என்று பார்த்தோம். பஸ்ஸின் பெயர்ப் பலகையைக் கூட்டி வாசிக்கும் போட்டி வைத்தால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

இருபது பிள்ளைகளை ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஆள் கவனிக்க முடியாது. அதனால் தினமும் வீட்டுக்கு ஒரு செயல்பாடு கொடுத்தனுப்புவேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'அம்மாவுடன் செய்து வருக.' அந்தத் தலைப்பை எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். இங்கே பல வீடுகளில் அம்மா என்றால் மடியில் சுளகோடு இருப்பவள். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்து வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, நுனியை மடக்கி அடைத்து, இருபத்தைந்து பீடியாகக் கட்ட வேண்டும். நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். கடைக்காரர் சரியில்லை என்று ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது. சுற்றத்தான் பழகின கை வேண்டும். நுனி மடக்கச் சின்னக் கை போதும்.

ஒருநாள், 'உங்கள் வீட்டில் அம்மா செய்யும் வேலையில் எதையாவது எண்ணி வருக' என்று எழுதிக்கொடுத்தேன். மறுநாள் தோசை எண்ணிக்கையும் பூவின் முழக்கணக்கும் வந்தன. இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று, "கட்டுக்கு இருபத்தஞ்சு மிஸ். நாலு கட்டு நூறு. நாப்பது கட்டு ஆயிரம்" என்றாள். நாலாம் வகுப்புப் பையன்களே வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் சொன்னதை வீடியோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'அம்மாவின் உழைப்பிலிருந்து கணிதம்' என்று தலைப்பும் கொடுத்தேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. அடுத்த வாரம் முழுக்க அவளுக்குக் கட்டுக் கணக்குதான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஐந்தரைக்கு வர ஆரம்பித்தாள். பிறகு ஆறு மணிக்கு. நோட்டைத் திறந்தால் தூள் நெடி. இரண்டு முறை தலை வலிக்கிறது என்று பாயிலேயே சுருண்டு படுத்தாள். ஒரு வாரமாக ஆளே வரவில்லை. நாலாம் வகுப்பு படிக்கும் அவள் அண்ணன் மட்டும் தவறாமல் வந்தான். கேட்டால், "அவளுக்கு வேல இருக்கு மிஸ்" என்றான். எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலை தூக்காமல்தான் சொன்னான்.

மூத்த பிள்ளையொன்றிடம் திண்ணையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசல்படி வெளிச்சத்தில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தாய் சுற்றிப் போடப் போட, மகள் நுனியை மடக்கிக்கொண்டிருந்தாள். வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

அவள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள். "வாங்கக்கா. நீங்கதான வீட்டுல வச்சு எண்ணிட்டு வரச் சொன்னிய? இப்ப எவ்வளவு அழகா எண்ணுதா, பாருங்க! எனக்கும் வெரசலா முடியுது" என்றாள்.

"பிள்ளைய ஏன் அனுப்பல?" என்றேன்.

"அவன்தான் வாரானே. அவன் படிக்கட்டும்க்கா. இவளுக்குத்தான் கணக்கு வந்துட்டே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் குத்திக்காட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரியாத விஷயமா இது? என் அம்மாவும் பீடி சுற்றியவள்தான். எனக்கு இருபத்தைந்தாம் வாய்ப்பாடு சுளகிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நுனி மடக்குவேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள்கூட மடக்கியிருக்கிறேன். என் தம்பிக்கு இருபத்தைந்தாம் வாய்ப்பாடு கடைசிவரை சரியாக வரவில்லை. அவன் பட்டம் வாங்கினான். வாய்ப்பாடு தெரிந்த நான் பிளஸ் டூவோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் சுளகின் முன்னால் உட்கார்ந்த வலி மறந்து, அம்மாவோடு சேர்ந்து எண்ணிய சந்தோஷம் மட்டும் மனதில் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் செயல்பாடாக எழுதி, இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாத வேலைகளில் பீடி சுற்றுவதையும் சொன்னது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்வதைத் தடைக்கு வெளியே விட்டது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம், ஆபத்தான தொழிலாக மட்டும் இருக்கக் கூடாது என்றது. 'உதவி' என்ற சொல் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குள் பெண்பிள்ளை செய்வதெல்லாம் எப்போதும் உதவிதானே. அம்மா செய்வதே வேலையாக எண்ணப்படாத வீட்டில், மகள் செய்வதை யார் வேலை என்று சொல்வார்கள்?

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் கணக்கு என் கணக்கைவிடத் தெளிவானது. ஆயிரம் முடித்தால்தான் ஆயிரத்தின் கூலி. ஒரு ஆள் கையால் அது லேசில் முடியாது. 'அம்மாவுடன் செய்து வருக' என்று நான் எழுதியபோது, அந்த அம்மாவுக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் மிச்சமிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. மிச்சமில்லாத நேரத்தை நான் கேட்டேன். அவள் அதைத் தன் வேலை நேரத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அந்த வேலைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு என் செயல்பாடுகளுக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது. தலைப்பு 'வீட்டில் உள்ள ஒருவருடன்' என்று மாறியது. அப்பாவிடம் கேட்க வேண்டியதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால் வரும்வரை அது காத்திருக்கும். வீட்டு வேலையிலிருந்து கணக்கு வந்தால் பையனுக்கும் அதே கணக்கு: குடத்துக்கு எத்தனை செம்பு தண்ணீர் என்று அவனும் மொண்டு ஊற்றிப் பார்க்க வேண்டும், சாப்பிட்ட தட்டுகளை அவனும் கழுவி எண்ண வேண்டும். விற்கிற பொருளில் கை வைக்கும் செயல்பாடு ஆணுக்கும் கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: செய்து முடித்த பிறகு எங்கே மிஞ்சும்? பிள்ளையின் தலையில் மிஞ்சினால் பாடம். சுளகில் மிஞ்சினால் வேலை.

அவள் அம்மாவிடம் மறுபடி போய்ப் பேசினேன். நான் செய்தது தப்பு என்று முதலில் சொன்னேன். "கணக்கு இன்னும் வரல. இருபத்தஞ்சு மட்டும்தான் வந்திருக்கு. கூட்டக் கழிக்க, வாசிக்க எல்லாம் இனிமேத்தான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு உள்ளே போய் பீடிக்கடைப் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்து, "இத வாசிப்பாளா?" என்று கேட்டாள்.

பிள்ளை தேதியை வாசித்தாள். கொடுத்த பீடி, கழித்த பீடி என்று ஒவ்வொரு எண்ணாகக் கூட்டி வாசித்தாள். அம்மா விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டே வந்தாள். "கழிச்சது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்க்கா. அதத்தான் எழுதியிருக்காவளான்னுதான் தெரியாது" என்றாள்.

அவளுக்குக் கணக்குத் தெரியாது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுநாள் பிள்ளை ஐந்தே காலுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் சில நாள் வராமல் இருந்திருக்கிறாள். கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய நாள் என்றால் நானும் துருவிக் கேட்பதில்லை. ஒரு ஊரின் கூலியை என் திண்ணையில் உட்கார்ந்து மாற்றிவிட முடியாது. ஆனால் அந்த வேலைக்குப் பாடம் என்று பெயர் வைத்து அனுப்பாமல் இருக்க என்னால் முடியும்.

ஒரு மாலை, பாயைச் சுருட்டும்போது அவள் மட்டும் போகாமல் நின்றாள்.

"மிஸ், இன்னைக்கு வீட்டுல என்ன எண்ணணும்?"

"ஒண்ணும் எண்ண வேண்டாம். இருட்டுறதுக்குள்ள கொஞ்ச நேரம் விளையாடிட்டுப் போ" என்றேன்.

சந்தேகமாக என்னைப் பார்த்தாள். பிறகு பையைத் திண்ணையிலேயே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.