கோள்கள் சுற்றினால் இசை வரும் கேம்: பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

கேம் என்றதும் நம் வீடுகளில் ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். துப்பாக்கிச் சத்தம், நடுச்சாமம் வரை அணையாத ஃபோன், சுபஹுக்கு எழும்பாத பிள்ளை. அந்தக் கவலை நியாயமானது. முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாமும் பார்க்கிறோம். ஆனால் எல்லா கேமும் அந்த இனமல்ல. வேறொரு வகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

திரையின் நடுவில் ஒரு சூரியன். விரலால் ஒரு கோளை இழுத்து விட வேண்டும். மெதுவாக விட்டால் சூரியனுக்குள் விழுந்துவிடும். கடுமையாக விட்டால் திரையை விட்டே ஓடிவிடும். அளவான கதியில் விட்டால் சுற்றத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோட்டைத் தாண்டும்போது ஒரு சுரம் ஒலிக்கும். கிட்ட உள்ள கோள் அடிக்கடி ஒலிக்கும். தூரத்துக் கோள் ஆறுதலாக ஒலிக்கும். நாலைந்து கோள்களை விட்டுவிட்டால் ஒன்றோடொன்று கலந்து தானாகவே ஒரு இசை பிறக்கும். எதிரி இல்லை. நேரக்கெடு இல்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இந்த அமைப்பில் பல பெயர்களில் கேம்கள் வருகின்றன.

இசை என்ற சொல்லைக் கண்டதும் சிலருக்கு வேறொரு கேள்வி எழும். அதில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் போகவில்லை. ஒலியை நிறுத்திவிட்டு விளையாடினாலும் பாடம் குறையாது, கண்ணால் எண்ணலாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோள்களுக்கு இசை உண்டா என்ற வாதம் நமது அறிஞர்களுக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் பஸராவைச் சேர்ந்த இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழுவினர், வான் கோளங்கள் இனிய ஒலி எழுப்புகின்றன என்று எழுதினார்கள். அதே நூற்றாண்டில், இசை பற்றிப் பெருநூல் எழுதிய அல்-ஃபாராபியோ அதை ஏற்கவில்லை. இன்றைய விஞ்ஞானத்தின்படி ஃபாராபி சொன்னதே சரி. விண்வெளி கிட்டத்தட்ட வெற்றிடம். அங்கே காது கேட்கும் ஒலி இல்லை. ஆனால் விகிதங்கள் இருக்கின்றன. இசைக்கு அடிப்படையும் விகிதம்தான்.

இதைத் தெளிவாகக் கண்டவர் ஜேர்மன் வானியலாளர் ஜொஹான்னஸ் கெப்ளர். அவர் இதை எழுதிய காலம் அமைதியான காலமல்ல. பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார். தாய் மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு. 1618இல் முப்பதாண்டுப் போரும் தொடங்கிவிட்டது. அந்த நெருக்கடிக்குள் இருந்து 1619இல் உலகின் ஒத்திசைவு பற்றிய நூலை வெளியிட்டார். ஒவ்வொரு கோளும் சூரியனை நெருங்கும்போது எவ்வளவு விரைவு, விலகும்போது எவ்வளவு மெதுவு என்று கணக்கிட்டு, அதைச் சுரங்களாகவே எழுதிவைத்தார். வெள்ளியின் பாதை கிட்டத்தட்ட வட்டம் என்பதால் அதற்கு ஏறக்குறைய ஒரே சுரம். புதனின் பாதை நன்றாக நீண்டது என்பதால் அதற்கு மிகப் பரந்த ஏற்ற இறக்கம். இது காதுக்கல்ல, அறிவுக்குக் கேட்கும் இசை என்பதே அவரது கருத்து.

அந்தச் சுரங்கள் இன்று விஞ்ஞானம் அல்ல. ஆனால் அதே நூலில் இருந்த ஒரு விதி இன்றும் அசையவில்லை. சுற்றும் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு விகிதசமம். கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடுகிற வரி இது.

இதை நம் வீட்டுக் கூரையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். டிஷ் அன்டனா எந்நேரமும் ஒரே திசையைப் பார்க்கிறது. அது பார்க்கும் செய்மதி பூமியை ஒரு நாளைக்கு ஒரு தடவை சுற்றுகிறது. பூமியும் அதேபோல் சுழல்வதால் செய்மதி அசையாமல் நிற்பது போல் தெரிகிறது. பூமியின் மையத்திலிருந்து அதற்குள்ள தூரம் ஏறத்தாழ 42,000 கிலோமீற்றர். சந்திரனுக்குள்ள தூரம் ஏறத்தாழ 384,000 கிலோமீற்றர். அதாவது சுமார் 9 மடங்கு. 9இன் கனம் 729. எந்த எண்ணின் வர்க்கம் 729? 27. சந்திரன் பூமியை ஒரு முறை சுற்ற எடுப்பது 27 நாட்களும் சில மணித்தியாலங்களும்.

உடனே புத்தியுள்ள பிள்ளை கேட்கும்: அப்படியென்றால் நமது பிறை மாதம் ஏன் 29 அல்லது 30 நாட்கள்? சந்திரன் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சத் தூரம் நகர்ந்துவிடுகிறது. மீண்டும் சூரியன் இருக்கும் பக்கத்துக்கு வந்து சேரச் சந்திரன் இன்னும் இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டும். எல்லாம் கூட்டினால் சராசரி இருபத்தொன்பதரை நாட்கள். ஒவ்வொரு மாதமும் நாம் பிறை பார்க்கக் காத்திருப்பது இந்தக் கணக்கின் விளிம்பில்தான்.

இனி உண்மையான வானத்தில் உள்ள இசைக்கு வருவோம். வியாழனின் பெரிய சந்திரன்களில் மூன்று ஐஓ, யுரோப்பா, கனிமீட். கனிமீட் ஒரு தடவை சுற்றும்போது யுரோப்பா இரண்டு தடவை, ஐஓ நான்கு தடவை. ஒரே சுரத்தை அடுத்தடுத்த ஸ்தாயிகளில் வாசித்தது போன்ற விகிதம். இந்த ஒழுங்கு சும்மா அழகுக்கு இல்லை. மற்றச் சந்திரன்கள் தவறாமல் ஒரே தாளத்தில் இழுப்பதால் ஐஓவின் பாதை முழு வட்டமாக முடிவதில்லை. வியாழனின் பலத்த ஈர்ப்பு அதன் உடலைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டில் அங்கே எரிமலைகள் வெடிக்கின்றன. 1979இல் வொயேஜர் 1 விண்கலம் அவற்றைப் படம் பிடித்தது.

இன்னும் அழகானது டிராப்பிஸ்ட்-1. நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள சிறிய நட்சத்திரம். அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக 2017 பெப்ரவரியில் அறிவித்தார்கள். உள்ளே உள்ளது ஒன்றரை நாளில் ஒரு சுற்று. வெளியே உள்ளது ஏறத்தாழ 19 நாளில் ஒரு சுற்று. வெளிக்கோள் 2 தடவை சுற்றும்போது அடுத்தடுத்து உள்ளவை கிட்டத்தட்ட 3, 4, 6, 9, 15, 24 தடவை சுற்றுகின்றன. அதில் 3க்கு 2 என்பது இசை தெரிந்தவர்கள் ஸ, ப என்று சொல்லும் அதே விகிதம். அதே ஆண்டில் கனடாவின் ரொறன்ரோவில் சில ஆய்வாளர்கள் இந்தச் சுற்றுக்களைப் பல மில்லியன் மடங்கு விரைவாக்கிக் காதுக்குக் கேட்கும் இசையாகவே மாற்றினார்கள். நாம் சொல்லும் கேம் செய்வதும் அதே வேலைதான்.

அவர்களுடைய ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. ஏழு கோள்களும் மிக நெருக்கமாக இருப்பதால், முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்குகளில் ஒரு மில்லியன் ஆண்டுக்குள் ஒழுங்கு குலைந்து மோதிக்கொண்டன. நட்சத்திரமோ பல பில்லியன் ஆண்டு வயதுடையது. கோள்கள் பிறந்த காலத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்து அமர்ந்திருக்க வேண்டும் என்று கொண்டு கணக்கிட்டபோது மிக நீண்ட காலம் நிலைத்தன. அந்த விகிதம்தான் அவற்றை மோதவிடாமல் வைத்திருக்கிறது.

இதை ஏன் பெற்றோருக்கு எழுதுகிறோம்?

நம் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை ஓதல், பிறகு பாடசாலை, வந்து சோறு தின்ற கையோடு டியூஷன், மஃரிபுக்குப் பின் இன்னொரு டியூஷன், இரவில் வீட்டுவேலை. போகிற இடமெல்லாம் புள்ளி. பிழைவிட்டால் சிவப்புக் கோடு. பிழைவிட இடமில்லாத பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகள் கூட வகுப்பில் கை உயர்த்தாமல் இருப்பதும், ஓ.எல் முடிந்ததும் பௌதிகவியல் கஷ்டம் என்று அந்தப் பக்கமே போகாமல் விடுவதும் நமக்குத் தெரியும். பாடம் கடினம் என்பது ஒரு காரணம். பயம் அதைவிடப் பெரிய காரணம்.

இந்தக் கேமில் பத்துக் கோள் சூரியனில் விழுந்தாலும் யாரும் ஏசுவதில்லை. பதினோராவதை விடலாம். பதினோராவது சுற்றத் தொடங்கும்போது கதிக்கும் ஈர்ப்புக்கும் உள்ள உறவு கைவிரலுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு அந்நியமாக இருக்காது. மனதுக்கும் ஓய்வு. அரை மணித்தியாலம் யாருடனும் போட்டி போடாமல் இருப்பது இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம்.

செய்யக்கூடியவை சில.

முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். விளம்பரமும் காசு கேட்பதும் இல்லாததைத் தெரிவுசெய்யுங்கள். அரை மணித்தியாலம் போதும்; படுக்கைக்குக் கொண்டுபோக விட வேண்டாம். முதல் சில நாட்கள் உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் இருங்கள்.

தரம் 10, 11 பிள்ளை என்றால் ஒரு சோதனை கொடுங்கள். ஒரு கோளை விட்டு, அதைவிட 4 மடங்கு தூரத்தில் இன்னொன்றைச் சுற்ற விடச் சொல்லுங்கள். வெளிக்கோள் ஒரு சுற்று முடிப்பதற்குள் உள்கோள் எத்தனை தடவை ஒலிக்கிறது என்று எண்ணட்டும். 8 வந்தால் கெப்ளரின் விதி சரி. 8 வராவிட்டால் அந்தக் கேமைச் செய்தவர்கள் ஈர்ப்பைச் சரியாகப் போடவில்லை, அல்லது கோள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு கோளின் திணிவைக் கூட்டிவிட்டால் மற்றவற்றுக்கு என்ன நடக்கிறது என்றும் பார்க்கட்டும்.

அடுத்த மாதம் பிறை பார்க்கும் நாளில் பிள்ளையையும் முற்றத்துக்குக் கூட்டிப்போங்கள். 27க்கும் 29க்கும் இடையில் உள்ள இரண்டு நாள் எங்கே போனது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஏச வேண்டாம். மறுநாள் வகுப்பில் எங்களிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.