கிழட்டு முரடனை எழுதுவது

“ஹார்ட்கோர் கேரக்டர்தானே அண்ணா, நாலு நாற்காலி, ரெண்டு மேசை, கொஞ்சம் முள்கம்பி. ஒரே ராத்திரியில முடிச்சிடலாம்” என்றார் எங்கள் ஃபெட்டில், அதாவது கற்பனை மல்யுத்த வீரர்களை எழுதிப் போட்டியிடும் எங்கள் குழுவில், புதிதாகச் சேர்ந்த தம்பி. கற்பனை மல்யுத்தத்தில் வயதான ஹார்ட்கோர் முரடன் ஒருவனைப் பல வருடம் எழுதி, சமீபத்தில்தான் அவனுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன். டெக்னிக்கல் ஆள், ஹை-ஃப்ளையர், மான்ஸ்டர் ஹீல் என்று எல்லா வகையையும் எழுதிப் பார்த்தவன் சொல்கிறேன்: இருப்பதிலேயே கடினமானவன் இந்தக் கிழவன்தான்.

தம்பி தன் கேரக்டருக்காக அனுப்பிய விண்ணப்பத்தைப் படித்தேன். உயரம் ஆறடி எட்டு அங்குலம், எடை 320 பவுண்ட், பதினான்கு முறை சாம்பியன், பிடித்த ஆயுதங்கள் மட்டும் ஒரு பக்கம். நாங்கள் தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு ஆடி வளர்ந்தவர்கள். நெஞ்சளவு, பைசெப்ஸ், ஜெயித்த சண்டைகள் என்று எண்களைச் சொல்லி அடுத்தவன் சீட்டைப் பிடுங்குவோம். இன்றைக்கு வருகிற விண்ணப்பங்களில் பாதி அந்தச் சீட்டுகளாகவே இருக்கின்றன. எண்கள் எல்லாம் சரி, ஆளைத்தான் காணோம்.

இந்த வகையில் நான் பாடம் கேட்டது டெர்ரி ஃபங்கின் பழைய ஆட்டங்களிடம். பலர் நினைவில் அவர் முள்கம்பியில் சிக்கி ரத்தம் வடிய நிற்கும் கிழவர். அதற்கு முன்னால் அவர் யார் என்று பார்ப்பதில்லை. 1975 டிசம்பரில் மயாமி பீச்சில் ஜாக் பிரிஸ்கோவை வென்று என்.டபிள்யூ.ஏ. உலகப் பட்டம் பெற்றவர். அண்ணன் டோரி ஜூனியரும் அதே பட்டத்தை வைத்திருந்தவர். அப்பா டோரி சீனியர் அமரில்லோவில் மல்யுத்தம் நடத்தியவர். அந்தக் காலத்து என்.டபிள்யூ.ஏ. சாம்பியன் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் நாயகனை ஒரு மணி நேரம் வரைகூடத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசியில் பெல்ட்டோடு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். எதிராளியைப் பெரியவனாக்கத் தெரியாதவனுக்கு அந்த வேலையே கிடையாது.

அந்த வேலை தெரிந்த மனிதர்தான் பிறகு முள்கம்பிக்குள் போனார். 1993-இல் கவாசாகி மைதானத்தில் ஓனிட்டாவோடு வெடிக்கும் முள்கம்பி ஆட்டம். 1995 ஆகஸ்டில் அதே மைதானத்தில் டெத்மேட்ச் போட்டியின் இறுதியில் கேக்டஸ் ஜாக்கிடம் தோல்வி. அப்போது வயது 51. 1997 ஏப்ரலில் பேர்லி லீகல் நிகழ்ச்சியில் ரேவனை வென்று ஈ.சி.டபிள்யூ. பட்டம், வயது 52. நான்கே மாதத்தில் சாபுவுடன் முள்கம்பி ஆட்டம். பைசெப்ஸ் கிழிந்த பிறகும் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆடினார் சாபு. பட்டம் அவரிடம் போனது. இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஃபங்க் ஜெயித்ததைவிட, யாரிடம் எப்போது தோற்றார் என்பதுதான் அவரைப் பெரியவராக்கியது.

அவருடைய ஆட்டங்களை ஆயுதங்களை விட்டுவிட்டுப் பாருங்கள். இடது கைக் குத்து. அடி வாங்கியதும் கால் தடுமாறி, காற்றில் கையை வீசி, கயிற்றைத் தேடிப் பிடிக்கும் நடை. அப்பா விட்டுச்சென்ற ஸ்பின்னிங் டோ ஹோல்ட். ஐம்பது வயதுக்கு மேல் அடித்த மூன்சால்ட், பார்ப்பவனுக்குப் பயம் வருகிற மாதிரி. ‘பியாண்ட் த மேட்’ ஆவணப்படத்தில் அவருடைய முழங்கால் இருக்கும் நிலையை மருத்துவர் விளக்குவார். மனிதர் கேட்டுக்கொண்டு மறுபடி ரிங்குக்குப் போவார். 1983-இலேயே ஜப்பானில் ஓய்வு ஆட்டம் ஆடி, ரசிகர்களை அழவைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். அதற்குப் பிறகும் எத்தனையோ ஓய்வுகள்.

அப்படியானால் என் கிழவன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறான்? என்னைப் பல மாதம் அலைக்கழித்த கேள்வி இது. பணம் என்று வைத்தால், மேட்சுக்கு முன்னால் எழுதும் ரோல்பிளே இரண்டிலேயே காரணம் தீர்ந்துவிடும். பழிவாங்கல் என்றால் எதிரி தோற்றதும் தீர்ந்துவிடும். வலி பிடிக்கும் என்று எழுதுவது சுத்தச் சோம்பேறித்தனம். வலி பிடித்தவனுக்கு அடி விழுந்தால் படிப்பவனுக்கு என்ன கவலை?

என் ஆளின் ஊரை ஒஹையோவின் யங்ஸ்டவுன் என்று வைத்த பிறகுதான் வழி கிடைத்தது. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே கேம்ப்பெல் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு போயிற்று. அன்று அவனுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவும் மகனும் ஒரே ஆலையில். முதல் வேலையிலிருந்து அவனை வேறு யாரோ அனுப்பினார்கள். இரண்டாவது வேலையிலிருந்து அவனாகத்தான் போவான். இவ்வளவுதான் காரணம். இதை ஒரு புரோமோவில்கூட அவன் வாயால் சொல்ல விடவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததால்தான் இத்தனை வருடம் தாங்கியது.

காரணம் கிடைத்ததும் உடம்பை எழுதினேன். எதைச் செய்ய முடியும் என்பதைவிட எதைச் செய்ய முடியாது என்ற பட்டியலே நீளம். இடது முழங்கால் மடங்காது. மேல் கயிற்றில் ஏறமாட்டான். கழுத்து திரும்பாது, உடம்போடு சேர்ந்தே திரும்புவான். ஓட முடியாதவனுக்கு மிச்சமிருப்பது தாங்குவது மட்டும்தான். அவன் நாற்காலியைத் தேடுவது அதனால்தான். மேட்ச் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலை ஒவ்வொரு முறையும் அனுப்புவேன். படிக்காமல் அவனை ஃப்ராக் ஸ்பிளாஷ் அடிக்க வைத்தவர்களும் உண்டு.

பேச்சு இன்னொரு வித்தை. அதே கேக்டஸ் ஜாக், அதாவது மிக் ஃபோலி, 1995-இல் ஈ.சி.டபிள்யூ.வில் செய்ததைப் படியுங்கள். அவருடைய சின்ன மகனைப் பிரம்பால் அடிக்கச் சொல்லி ஒரு ரசிகர் அட்டை பிடித்திருந்தார். ஃபோலி அதையே எடுத்து, ரத்தம் கேட்கும் கூட்டத்தின் மீதே வெறுப்பைக் கொட்டினார். பிறகு அந்தக் கூட்டத்தின் முன்னால் வேண்டுமென்றே ஹெட்லாக் போட்டுக்கொண்டு நின்றார். கூட்டம் கேட்டதைக் கொடுக்காமல் அதன் வெறுப்பை, ஹீட்டை, வாங்கினார். எங்கள் தம்பிகளின் புரோமோவிலோ, யாரை எதால் அடித்தேன் என்ற பட்டியல் மட்டுமே வருகிறது. இப்போது அதையும் இயந்திரத்திடம் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். எல்லாக் கிழவனும் ஒரே குரலில் நரகத்தைப் பற்றிப் பேசுகிறான்.

ஃபெட்டின் அமைப்பிலேயே ஒரு வம்பு இருக்கிறது. யாருடைய ரோல்பிளே சிறந்ததோ அவன் ஜெயிப்பான். நன்றாக எழுதினால் என் கிழவன் ஜெயித்துக்கொண்டே இருப்பான். ஜெயித்துக்கொண்டே இருந்தால் அவன் கிழவனே இல்லை. அதனால் முடிவுகளை அறிவிக்கும் புக்கரிடம் நானே தோல்வி கேட்டு வாங்கியிருக்கிறேன். இளையவன் ஒருவன் என் ஆள்மீது ஏறி மேலே போனால், அதுதான் என் வெற்றி. இன்று யாரும் தோல்வி கேட்பதில்லை. தோற்ற மறுவாரம் கேரக்டரையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்தக் கேரக்டரை எளிது என்று நினைப்பதற்கு, காகிதத்தில் ரத்தத்துக்குச் செலவு இல்லை என்பதும் ஒரு காரணம். நிஜத்தில் மணிக்கட்டு டேப்பில் ஒளித்த பிளேடுத் துண்டால் நெற்றியைக் கீறியவர்கள் அதைச் சுமந்தே திரிந்தார்கள். அப்துல்லா த புட்சரின் நெற்றிப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ. 2010-இல் தடை செய்தது. எங்கள் கற்பனை ஃபெட்களில் இன்னும் இருபது அடி தலையில் விழுகிறது. அடுத்த வாரம் அவன் தங்கு தடையில்லாமல் வசனம் பேசுகிறான். நான் வருடத்துக்கு ஒருமுறைதான் ரத்தம் எழுதினேன். அந்த ஒரு தழும்பைப் பிறகு ஒவ்வொரு ரோல்பிளேயிலும் தொட்டேன்.

இந்தக் கேரக்டரை எடுக்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆள் இருபத்தைந்து வயதில், ஆயுதம் எதுவும் இல்லாமல், பத்து நிமிடம் மல்யுத்தம் செய்த ஒரு மேட்சை முதலில் எழுதுங்கள். எங்கும் அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை எழுத முடியவில்லை என்றால் முள்கம்பியைத் தொடாதீர்கள்.