கவர்ல யாரு நிக்கிறது?

கபடின்னாலே எல்லாரும் பாடப் போறவனைத்தான் பாக்குறாங்க. கில்லி (2004), வெண்ணிலா கபடிக்குழு (2009), மணத்தி கணேசன் வாழ்க்கையை வச்சு 2025ல வந்த பைசன், எதை எடுத்தாலும் ஹீரோ பாடுறவன்தான். பக்கத்துல நின்னு தோள் கொடுத்த கவர் ஆளுக்கு ஒரு குளோசப் கிடையாது. இந்தப் பதிவு அந்த ஆளுக்காக.

எங்க ஊர் குத்துக்கல்வலசை, தென்காசிக்குப் பக்கம். தமிழ் தலைவாஸ் யாரை வச்சுக்கப் போறாங்க, யாரைக் கழட்டி விடப் போறாங்கன்னு லிஸ்ட் வர்ற நேரமாச்சுன்னா டீக்கடையில ஆளாளுக்கு கோச்சுதான். 2025 மே 31ல மும்பையில ஏலம் ஆரம்பிச்சப்போ நானும் ஊர்லதான் இருந்தேன். சாரல் கட்டுற நேரம் வேற. அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல கொடுத்து எடுத்தாங்க. பவன் செராவத்தை 59.5 லட்சத்துக்கு எடுத்தாங்க. பயலுவ எல்லாம் 'மக்கா, கப்பு நமக்குத்தான்'னு ஒரே குதி. எங்க சித்தப்பா மட்டும் கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கேட்டார்: "ரெண்டுவேரும் பாடுற ஆளுல்லா? பிடிக்கதுக்கு மாத்தாளு யாருடே இருக்கா?"

நடந்தது உங்களுக்கே தெரியும். பவன் சீசன் நடுவுலயே அணியை விட்டுப் போனார் (காரணம்னு ரெண்டு தரப்பும் சொன்னது வேற வேற, அதுக்குள்ள நான் போகல). அணி முதல் எட்டுக்குள்ள கூட வரல.

கபடி பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. களத்துல ஏழு பேர். அதுல பிடிக்கிறதே தொழிலா இருக்கிறவங்க பொதுவா நாலு பேர். ரெண்டு மூலையில ரெண்டு கார்னர், அவங்களுக்கு உள்பக்கம் ரெண்டு கவர். கார்னர் காலைப் பிடிப்பான். பிடிச்ச அடுத்த நொடி கவர் மேல வந்து விழலேன்னா, பாட வந்தவன் கார்னரையும் இழுத்துக்கிட்டு கோட்டைத் தொட்டுருவான். கை கோத்து நிக்கிறாங்களே, அது அழகுக்கு இல்ல. பக்கத்துல இருக்கிறவன் எப்ப பாயப் போறான்னு அந்தக் கை வழியாத்தான் தெரியும். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோடு நல்லாத்தான் இருக்கும், ரெண்டு மாட்யூலையும் சேத்து ஓட்டும்போதுதான் ஊத்திக்கும் :-)

அதனாலதான் டேக்கிள் பாயிண்ட்டை மட்டும் எண்ணி ஆளைக் கழிக்கிற வாதத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. எட்டாவது சீசன்ல (2021-22) சாகர் 82 டேக்கிள் பாயிண்ட் எடுத்தார், ஷாத்லூயிக்கு அடுத்த இடம். அணி பன்னெண்டுல பதினொண்ணாவது. பதினோராவது சீசன்ல (2024) சிறந்த டிஃபெண்டர் விருதே நம்ம நிதேஷ் குமாருக்கு. அணி ஒன்பதாவது.

இதுக்கு நேர் எதிர் ஒன்பதாவது சீசன் (2022). 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன், முதல் மேட்ச்லயே முட்டியில அடிபட்டு சீசனையே விட்டார். கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம். ஆனா சாகரும் சாஹிலும் முந்தின சீசன்லயும் அதே ரெண்டு மூலையில நின்னவங்க. அவங்க பிடிச்சுக் கொடுக்க, புதுப் பையன் நரேந்தர் பாட, தலைவாஸ் முதல் தடவையா அரையிறுதிக்குப் போச்சு. 'அடுத்த சீசன்லயும் அவங்கதானே இருந்தாங்க, அப்பவும் ஒன்பதாவதுதானே?'ன்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். அங்கதான் பெஞ்சு வருது. ஒரு கார்னர் அவுட்டாகி வெளிய போயிட்டா, ஒருத்தனுக்குக் கால் பிசகிட்டா, உள்ள வர்றவன் அந்தக் கையைப் புடிச்சுப் பழகினவனா? நாப்பது நிமிஷ ஆட்டத்துல அதைக் கத்துக் கொடுக்க முடியாது.

எங்க பெரியப்பா பையன், அண்ணன், பத்து வருஷம் ஊர் டீம்ல லெஃப்ட் கவர். ஒரு பொங்கலுக்குப் பரிசுத் தொகை பெருசா வச்சாங்க. டீம் நடத்துனவங்க வெளியூர்ல இருந்து காசு கொடுத்து ரெண்டு ஆளை இறக்குனாங்க. அண்ணன் பேர் லிஸ்ட்ல இல்ல. வந்தவங்க நல்ல ஆளுங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க கார்னர் காலைப் பிடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தான் பாருங்க. திரும்பிப் பாக்குறவன் கார்னரே இல்ல. அண்ணன் நின்னப்போ அவன் ஒரு தடவை கூட திரும்பினதில்ல.

அந்த வருஷம் வெளிய உக்காந்தது அண்ணனுக்கு வெறும் ஒரு டோர்னமெண்ட் போனது இல்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்குப் போகணும்னா ஆடணும், யாராவது பாக்கணும், வயசும் இருக்கணும். பாடுறவன் ஒரு மேட்ச்ல மூணு பேரைத் தொட்டா ஊரே பேர் கேக்கும். கவர் எத்தனை தடவை சரியா வந்து விழுந்தாலும் பாயிண்ட் முக்கால்வாசி முதல்ல கால் புடிச்ச கார்னர் கணக்குலதான் ஏறும். அண்ணன் இப்ப லோடு ஆட்டோ ஓட்டுதான். சாயங்காலம் பொடிப் பயலுவளுக்கு செம்மண்ல பிடி சொல்லிக் கொடுக்கான்.

தமிழ் ஆளுங்களை எடுங்கன்னு கத்துற நம்மாளுங்களுக்கும் ஒண்ணு. எம். அபிஷேக் மாதிரி ஒரு ரைட் கவர் இந்த மண்ணுல இருந்துதான் போனார். அடுத்த லிஸ்ட் வரும்போது எத்தனை கோடிக்கு ரெய்டர்னு பாக்காதீங்க, மூணாவது கவர் யாருன்னு தேடுங்க. சித்தப்பாகிட்ட கேட்டா ரெண்டு பேர் சொல்வார். ரெண்டு பேருமே கடையநல்லூர்ப் பக்கம்தான்.