ஐந்து பன்றி விலை

செல்போன் திரையில் அது அழகாகத்தான் இருந்தது. கறுப்பு நிற ஜிப் பை. திறந்தால் வரிசையாகச் சாமான்கள்: விதவிதமான திருப்புளி முனைகள், ஆலன் கீ, பின் பஞ்ச், கையடக்கச் சுத்தியல், வெண்கலப் பிரஷ்கள், துண்டு துண்டாகத் திருகி இணைக்கும் கம்பி, சிறு குப்பியில் எண்ணெய். துப்பாக்கி பராமரிப்புக்கென்றே வெளிநாட்டில் தயாரானது. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம். விலை ரூ 7,500.

"வாங்கிப் போடுங்க மாமா. வரப்புல உக்காந்தே பிரிச்சு மாட்டிரலாம்" என்றான் அக்கா மகன்.

மாமா உடனே பதில் சொல்லவில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல கருவியைப் பார்த்தால் இன்னமும் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் கணக்கில் ரூ 7,500 என்பது வெறும் தொகையல்ல. ஐந்து காட்டுப்பன்றி.

கணக்கு இப்படி வருகிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலில் சேரலாம். பஞ்சாயத்து சொன்னால் போய்ச் சுட வேண்டும். இறைச்சியைத் தொடக் கூடாது, புதைத்துவிட வேண்டும். சுட்டவருக்கு ஒரு பன்றிக்கு ரூ 1,000 என்றிருந்த மதிப்பூதியம் 2025ல் ரூ 1,500 ஆனது. கஞ்சிக்கோடு வருவது புதுச்சேரி கிராமப் பஞ்சாயத்தில் (பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரல்ல, பாலக்காட்டுப் புதுச்சேரி). அந்தப் பட்டியலில் மாமாவும் ஒருவர். இதுவரை சுட்டது நான்கு. அதாவது அவருடைய மொத்த வருமானத்தையும் போட்டாலும் பை வாங்க முடியாது.

துப்பாக்கி அப்பாவுடையது. இரட்டைக் குழல், 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் உள்வாய்: சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் சிறிதானால் குழல் பெரிது. இந்தியாவில் விவசாயிகளின் கையில் இருக்கும் துப்பாக்கிகளில் இந்த வகை சகஜம். உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, தொலைநோக்கி கிடையாது. நடுவில் ஒடித்தால் இரண்டு குழலும் வாயைத் திறக்கும். சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் சிக்கலான யந்திரம் என்பது ஃபிட்டரின் கருத்து.

அப்படியிருந்தும் பையின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு ராத்திரி.

வாளையார் காட்டோரத்தில் நெல் பால் பிடித்திருந்த நேரம். பஞ்சாயத்திலிருந்து போன் வந்து, மாமாவும் இன்னொருவரும் போனார்கள். வரப்பு வழுக்கி மாமா முழங்கால் மடங்கி விழுந்தார். துப்பாக்கி காலியாகத்தான் இருந்தது. அந்த விஷயத்தில் அவர் கறார். எழுந்து, துடைத்து, தோட்டா போடப் போகும்போது கூட வந்தவர் டார்ச் அடித்து, "அண்ணே, முனையப் பாருங்க" என்றார். வலது குழல் வாயில் விரல்கடை அளவுக்குச் சேறு அப்பியிருந்தது. அந்த நிலையில் விசையை இழுத்திருந்தால் ஈயக் குண்டுகளுக்கும் வாயுவுக்கும் வழியில்லாமல் குழல் வெடித்துப் பிளந்திருக்கும். குழலைத் தாங்கிப் பிடிப்பது இடது கை. ஃபிட்டருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேற்றைத் தள்ள கையில் எதுவும் இல்லை. குச்சியை ஒடித்துக் குத்தினால் அதுவும் உள்ளே முறிந்துகொள்ளலாம். வீட்டுக்குத் திரும்பினார்கள். விடிந்து பார்த்தபோது அரை ஏக்கர் நெல் உழுது போட்ட மாதிரி கிடந்தது. வயல்காரர் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் மாமாவுக்கு உறுத்தல்.

ஆகவே கையோடு எடுத்துப்போக ஏதாவது வேண்டும். அது இந்தப் பைதானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைத் திண்ணையில் கிடத்தி, போனைப் பக்கத்தில் வைத்து, பையிலுள்ள ஒவ்வொரு சாமானையும் விசாரித்தார். ஆலன் கீ முழுவதும் ரைபிளில் தொலைநோக்கி பொருத்த. இவருக்கு வேலையில்லை. பின் பஞ்ச், புதுக் காலத்து யந்திரத் துப்பாக்கிகளின் ஊசிகளைத் தட்ட. வேலையில்லை. திருப்புளி முனைகளை மட்டும் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். ஆப்பு மாதிரி சரியாமல் இரு பக்கமும் நேராக இழைத்த முனை. "செஞ்சவனுக்குத் தொழில் தெரியும்" என்றார். ஆனால் அப்பாவின் துப்பாக்கியில் திருகுகளின் பள்ளம் நூல் மாதிரி மெல்லியது. பழைய கைவினைக்காரர்கள் ஒவ்வொரு திருகுக்கும் தனித் திருப்புளி இழைத்துக்கொள்வது வழக்கம். பொருந்தாத முனை வழுக்கினால் திருகின் தலை சிதையும். சாட்சி திண்ணையிலேயே இருந்தது: இடப்பக்கம் ஒரு திருகின் தலை மழுங்கிக் கிடக்கிறது. அப்பா ஒரு முறை சைக்கிள் கடைத் திருப்புளியை வைத்து அழுத்திய புண்ணியம்.

சட்டமும் இருக்கிறது. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியின் உதிரி பாகமும் ஆயுதம் என்ற விளக்கத்துக்குள் அடங்கும். துடைப்பதும் எண்ணெயிடுவதும் சொந்தக்காரர் வேலை; பூட்டைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றுவது அல்ல. கோயமுத்தூரில் தெரிந்த ஆள் இருக்கிறார், ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் மாமாவின் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும் செல்லும். ரேஷன் கடையில் மலையாளம், வீட்டில் தமிழ், மகளைக் கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சியில் என்று வாழும் ஊர்க்காரருக்கு வாளையார் சோதனைச் சாவடி ஞாபகம் வருவது துப்பாக்கி விஷயத்தில்தான். பாலக்காட்டுக்குத்தான் போனார்.

அங்கே ஆயுதக் கடைப் பெரியவர் குழல்களைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தார். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் சொறி சொறியாகப் புள்ளிகள். சுட்டு வந்த தேய்மானம் அல்ல, சும்மா கிடந்து வந்த துரு என்றார்.

உண்மைதான். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16ல் அறிவிக்கப்பட்டதும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். முடிவு வந்தது ஜூன் 4ல். அதற்குள் மே 30லேயே பருவமழை தொடங்கிவிட்டது. காக்கி உறைக்குள், சுவரோரம், மூன்று மாதம். திரும்ப வாங்கும்போது உறையே ஈரமாக இருந்தது. அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. துடைத்து வைப்பது அவர்கள் வேலை என்று எந்தத் தாளிலும் இல்லை.

குழலின் மேல்பக்கத்திலும் சில புள்ளிகள், சீரான இடைவெளியில், மூன்று மூன்றாக. பெரியவருக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. அப்பா வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த இடங்கள். ஈரச் சந்தனம் காய்ந்து உதிரும்வரை யாரும் துடைத்ததில்லை. குடகில் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். செப்டம்பரில் வரும் கைல்போத் பண்டிகைக்குத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து, தோக் பூ சூட்டி வணங்குகிறார்கள். தோக் என்றால் துப்பாக்கி. பூ வேறெதுவுமல்ல, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்.

எண்ணெய் பற்றியும் பெரியவரிடம் பாடம் கிடைத்தது. பாலக்காட்டில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான். மார்கழிக் காலையில் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். விசைக்குள் போனால் பிசுபிசுக்கும். அமெரிக்காவில் 1903லிருந்து ஹோப்பே என்பவர் பெயரில் விற்கும் கரைப்பான் உலகப் பிரசித்தம். ஆனால் புகையற்ற மருந்துத் தோட்டாவை வருடத்துக்கு ஏழெட்டு முறை சுடுபவருக்குத் தையல் மெஷின் எண்ணெயும் பழைய பனியனும் போதும், அதுவும் அன்றன்றைக்கே துடைத்தால்.

பையின் படத்தையும் காட்டினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துகளைப் படித்தார். கம்பியும் பிரஷ்களும் ரைபிள் குழல்களுக்கானவை. 12 போர் பிரஷ் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதாவது ரூ 7,500 கொடுத்த பிறகும் வரப்புச் சேற்றுக்கு மருந்து அதில் இல்லை.

கடையில் மூன்று துண்டாகக் கழலும் மரக் கம்பியும், 12 போர் வெண்கலப் பிரஷ்ஷும் வாங்கினார். ஒரு பன்றி விலைக்குள் அடங்கியது. சேற்றைத் தள்ளுவதற்கு வெண்கலப் பிரஷ் தோதில்லை என்று பட்டது. பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் லேத்தில் பித்தளைக் கட்டை ஒன்று கடைந்து கொடுத்தார், 18 மில்லிமீட்டரில், கம்பியின் மரைக்குச் சரியாக. ஈரத்தில் உப்பிய தோட்டா குழலில் இறுகிக்கொண்டால் காலிக் கூட்டைத் தள்ளவும் அதுவே ஆகும். எல்லாவற்றையும் பழைய குடை உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

அக்கா மகனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அந்தத் திருப்புளி முனைங்க மட்டுமாவது..." என்று இழுத்தான்.

"அதுகள எனக்கும் பிடிச்சிருக்குதுடா" என்று மாமா ஒப்புக்கொண்டார். "அதனாலதான் வேண்டாங்கறேன். கையில இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மறுபடி ஒப்படைக்க வேண்டிய முறை. இந்தத் தடவை முந்தின நாளே குழல்களை உள்ளும் புறமும் துடைத்து, கனமாக எண்ணெய் பூசி, உறையை வெயிலில் காயவைத்து எடுத்துப் போனார். விசைப் பாதுகாப்பு வளையத்தில் நூல் கட்டி ஒரு அட்டை: 'குழலில் எண்ணெய் உள்ளது. துடைக்காமல் சுடக் கூடாது.' மலையாளத்தில் ஒரு பக்கம், தமிழில் மறுபக்கம். தமிழ் யாருக்கு என்று மனைவி கேட்டார். தனக்குத்தான் என்றார்.

திரும்பி வந்ததும் குழல்களைக் கழற்றி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பழைய புள்ளிகள் அப்படியே இருந்தன. புதிதாக எதையும் காணோம். பனியன் துணியை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.