முதல்ல கேளுங்க

மணி மூன்று. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கின்றன. ஆர்மோனியம் கிடையாது, சுருதிப் பெட்டி கிடையாது. டீச்சர் தன் செல்போனை மேசைமேல் வைக்கிறார், தம்பூரா கிளம்புகிறது.

ஒன்றிரண்டு பிள்ளைகள் உடனே வாயைத் திறக்கிறார்கள்.

"பாடாதீங்க. முதல்ல கேளுங்க."

அறை அடங்குகிறது. சத்துணவுக் கூடத்தில் யாரோ அண்டாவைத் தேய்க்கிறார்கள். முன்வரிசைப் பெண் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவன் அவளைப் பார்த்துத் தானும் மூடுகிறான். ஒரு நிமிடம் கழித்து டீச்சர் வாய் திறக்காமல் 'ம்' என்கிறார். அறை முழுக்க 'ம்' எழுகிறது. கத்தல் இல்லை. காலை வழிபாட்டில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திய அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

தம்பூரா ஐந்து கட்டைச் சுருதியில் இருக்கிறது. டீச்சர் பெண் என்பதால் அது அவருக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்திவிட்டது. தாழ்ந்த ஒரு கட்டைச் சுருதியில் பாடிப் பழகிய ஆண் ஆசிரியர் தன் குரலுக்கே சுருதி வைத்தால், பிள்ளைகளுக்குக் கீழ்ச்சுவரம் எட்டாது, தொண்டை இறுகும். பிறகு 'இதுங்களுக்குப் பாட்டு வராது' என்று பழி அவர்கள்மேல் விழும்.

இன்றைய பாடம் நான்கே சுவரங்கள்: ச, ரி, க, ம. ராகம் மாயாமாளவகௌளை. ஆரம்பப் பாடத்துக்கு இந்த ராகத்தை வைத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வைத்தவர் குழந்தைகளை அறிந்தவர். ச-வுக்கும் ம-வுக்கும் நடுவில் உள்ள படிகளேதான் ப-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில். கீழ்ப்பாதி பிடிபட்டால் மேல்பாதிக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. பெரியவர்களுக்கு எளிது. ஏழு வயதில் சுண்டுவிரல் தனியாக இறங்காது. மோதிரவிரலும் கூடவே வரும். ஒரு சிறுமி இடது கையால் மோதிரவிரலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சுண்டுவிரலைத் தொடையில் வைக்கிறாள். டீச்சர் பார்க்கிறார், திருத்தவில்லை. எண்ணிக்கை சரியாக வருகிறதே, அது போதும்.

மூன்றாம் வரிசையில் ஒரு பையன். ச ஆனாலும் ம ஆனாலும் அவன் குரல் ஒரே இடத்தில் நிற்கிறது, மற்றவர்களுக்கு நன்றாகக் கீழே. பக்கத்துப் பையன் சிரிக்கிறான். இவன் குரல் தேய்ந்து, உதடு மட்டும் அசைகிறது.

டீச்சர் தம்பூராவை நிறுத்திவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்கிறார். "உன் சத்தத்தைக் குடு கண்ணா." அவன் மெல்ல இழுக்கிறான். அதே இடத்துக்குத் தன் குரலை இறக்கி அவனோடு சேர்கிறார். இரண்டு குரலும் ஒன்றானதும் அவன் நிமிர்கிறான். "இப்பக் குயிலு கூவட்டும்." கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஒரு 'கூ'. அவனும் கூவுகிறான். குரல் ஏறுகிறது. வகுப்பின் ச-வைத் தொட்டு, தாண்டியும் போகிறது. சிரித்தவன் இப்போது தானும் கூவுகிறான்.

'நீ வாயசைச்சா போதும்' என்று ஆண்டுவிழா மேடையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பலர் பிறகு ஆயுளுக்கும் பாடுவதில்லை. அது அநியாயம். பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் காதில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. குரலை மேலே கொண்டுபோக யாரும் வழி காட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த டீச்சர் இசையாசிரியர் அல்ல. கணக்கும் தமிழும் சுற்றுச்சூழலும் நடத்துகிற இடைநிலை ஆசிரியர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு வரி இல்லை. சுருதி எளிதாகப் படிகிற வயதில் ஆள் இல்லை; கூச்சம் வந்த பிறகு ஆள் வருகிறார்.

சட்டம் திருந்தும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை. ஆசிரியர் பயிற்சியில் சுருதிக்கும் தாளத்துக்கும் சில நாட்கள் ஒதுக்கலாம். பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, மதிப்பெண் பற்றிக் கேட்பதோடு, "வாரத்துல எத்தனை பீரியடு பாட்டு?" என்றும் கேளுங்கள்.