கால்வழி கேட்ட மருத்துவர்

நோயாளியின் சொல்லை முற்றக் கேட்பது மருத்துவத்தின் முதற்படி என்பர். அங்ஙனம் கேட்ட ஒரு சொல்லையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி லிஞ்ச் (1928–2019). தமிழ் பயிலும் எனக்கு அவர்தம் சரிதம் மிக்க இன்பம் பயந்தது. காரணத்தை ஈண்டுக் கூறுவேன்.

1962-இல் லிஞ்ச், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் பயிற்சி மருத்துவராயிருந்தார். மதுவால் நலிந்த ஒருவர் அவரிடம், தம் குடும்பத்தார் பலரும் பெருங்குடற் புற்றுநோயால் மாண்டனர் என்றும், தமக்கும் அம்முடிவே திண்ணமாதலின் குடிப்பதாகவும் கூறினார். மரபியல் கற்றிருந்த லிஞ்ச் அதனைப் பிதற்றல் என்று தள்ளினாரல்லர்; அக்குடும்பத்தின் கால்வழியை வினவி எழுதலானார். 1966-இல் இரு பெருங்குடும்பங்களின் நோய் வரலாற்றை வெளியிட்டார். புற்றுநோய் புறக்காரணங்களால் மட்டுமே விளைவது எனப் பலர் கருதிய காலம் அது. ஆராய்ச்சிக்கு அவர் வேண்டிய பொருளுதவி பன்முறை மறுக்கப்பட்டது. எனினும் 1967 முதல் கிரைட்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அப்பணியை விடாது நடத்தினார்.

1993, 1994 ஆம் ஆண்டுகளில் அந்நோயின் மூலம் புலனாயிற்று. உயிரணு பிரியுந்தோறும் மரபுச்செய்தி படியெடுக்கப்படுகின்றது. படியிற் புகும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் சில உள. அவற்றுள் எம்.எஸ்.ஹெச்.2, எம்.எல்.ஹெச்.1 போன்றவற்றுள் ஒன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பின், பிழைகள் பெருகிப் புற்றுநோய் விளையக்கூடும். பெற்றோருள் ஒருவர்க்கு அப்பழுதிருப்பின், மக்கள் ஒவ்வொருவர்க்கும் அது வருதற்குப் பாதி வாய்ப்புண்டு. ஏட்டுச்சுவடிகளின் பாடபேதங்களைப் பயில்வோர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும். எழுதுவோன் கை பிழைத்தல் இயல்பு. ஒப்புநோக்கித் திருத்துவோன் இன்மையே கேடு.

அம்மனிதர் விதியென்று அஞ்சியது, இங்ஙனம் வழிவழி வந்த எழுத்துப்பிழை போன்றதொன்றே. பிழையிருக்குமிடம் அறிந்தால் காவலும் இயலும். ஃபின்லாந்து நாட்டில் இத்தகைய குடும்பத்தாரிடை 15 ஆண்டுகள் ஆராய்ந்து 2000-இல் முடிவு வெளியிட்டனர். மூன்றாண்டுகட்கு ஒருமுறை குடல்நோக்குக் கருவியாற் சோதிக்கப்பட்டவர்களிடம், சோதனை பெறாதாரை நோக்க, இந்நோய் பாதிக்கு மேற் குறைந்திருந்தது.

என் பாட்டியார் நான்கு தலைமுறை முன்னோர் பெயர்களைத் தடையின்றிச் சொல்வார். அவர்கள் எந்நோயால் மாண்டனர் எனின், 'வயிற்று நோவு' என்னும் அளவில் நிறுத்துவார். பல இல்லங்களில் நிலைமை இதுவேயாகும். நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், முதியோரை அணுகி, முன்னோர்க்கு உற்ற நோயையும் இறந்த வயதையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைமின். சொல்லவல்லார் உள்ளபோதே கேட்டல் வேண்டும்.